வாயே மொழி, விரலே எழுத்து

ஞாயிற்றுக்கிழமை காலையிற் பத்திரிகை வந்து சேரச் சற்றுத் தாமதமானால் படலைக்கும் திண்ணைக்குமாக நடைபோடும் நேயர்கள் பலர் உளர். அத்தகையோருக்கு, பத்திரிகையே இல்லாதிருந்தும் செய்தியின்றி ஒருபோதும் வாழ்ந்திராத ஒரு மக்கட் கூட்டத்தாரைப் பற்றி இவ்வாரம் கூற விழைகின்றேன். ஆபிரிக்காவின் கிழக்கே, செங்கடல் ஒடுங்கி ஏடன் குடாவோடு சேருமிடத்துக்கு மேற்கில், எதியோப்பியா, எரித்திரியா, ஜிபுத்தி என்னும் மூன்று நாடுகளிலும் பரந்து வாழும் அஃபார் மக்களே அவர்கள். செய்தியைக் கேட்பதும் கொடுப்பதும் அவர்களுக்குப் பொழுதுபோக்கன்று, கடமை.

கரிய எரிமலைக் கற்கள் இறைந்து கிடக்கும் ஒரு வெளியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கிழக்கேயிருந்து ஒருவன் ஒட்டகத்தை நடத்தி வருகிறான். மேற்கேயிருந்து மற்றொருவன் வழிதவறிய ஆடுகளைத் தேடி வருகிறான். இருவரும் முன்பின் அறியாதவர்களாக இருக்கலாம். ஆயினும் தலையை அசைத்துவிட்டுக் கடந்து போவது அங்கு மரியாதையாகாது. கைப்பற்றி முகமன் கூறுவர், நலம் விசாரிப்பர். அவ்விசாரணை மனிதரோடு நில்லாது ஆடுமாடு ஒட்டகங்களின் நலத்துக்கும் செல்லும். பின்னர் ஓரிடத்தில் அமர்ந்து, ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பார். எங்கே மழை பெய்தது, எந்தப் பள்ளத்திற் புல் முளைத்துள்ளது, எந்தக் கிணறு வற்றிவிட்டது, எவர் குடிசையில் மணவினை, எவர் இறந்தார், எந்த வழியில் அந்நியர் நடமாட்டம் காணப்பட்டது என்பன யாவும் அதில் வரும். சொன்னவர் முடித்ததும் கேட்டவர் தம் பங்குக்குச் சொல்லத் தொடங்குவார். இதற்கு அவர்கள் இட்ட பெயர் தாகு.

தாகுவுக்கு விதிகள் உண்டு. தன் கண்ணாற் கண்டதைக் கண்டதென்றும், பிறர் வாய்க் கேட்டதை இன்னாரிடம் கேட்டதென்றும் பிரித்துச் சொல்லவேண்டும். கேட்பவரும் சும்மா இருப்பதில்லை. ஐயம் எழுமிடத்துக் குறுக்கிட்டு வினவுவார். (பத்திரிகைத் தொழில் புரியும் நம் நண்பர்கள் இவ்விதியைச் சட்டமிட்டு மேசைமேல் வைத்துக்கொண்டால் நன்று என்று எனக்குத் தோன்றுவதுண்டு.) வேண்டுமென்றே செய்தியைத் திரித்தவனையும், அறிந்த செய்தியை மறைத்தவனையும் இனக்குழுவின் பெரியோர் விசாரித்துக் கால்நடையாகத் தண்டம் விதிப்பதும் உண்டு. கடுமை என்று எண்ணவேண்டாம். தண்ணீர் இருக்கிறதென்று ஒருவன் பொய் சொன்ன கிணற்றை நாடி, இரண்டு நாள் நடந்து செல்லும் குடும்பத்தின் கதி யாதாகும்? அந்நாட்டிற் செய்தி பிழைத்தால் உயிரும் பிழைக்காது.

நாடு அத்தகையது. உலகில் மனிதர் வாழ்ந்து வெப்பம் அளந்த இடங்களுள் மிகக் கொடியதென்று பெயர் பெற்ற தல்லொல் அஃபார் நிலத்திலேயே உள்ளது. 1960 தொடக்கம் 1966 வரை அங்கு எடுக்கப்பட்ட கணக்கின்படி ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 34 பாகை செல்சியசுக்கு மேல். பகலும் இரவும், கோடையும் மாரியும் சேர்ந்த சராசரி அது என்பதை நினைவிற் கொள்க. தல்லொல் அமைந்துள்ள பள்ளம் கடல்மட்டத்துக்கு 100 மீற்றருக்கும் அதிகமான ஆழத்திற் கிடக்கிறது. அதற்குத் தெற்கே எர்த்தா அலே என்னும் எரிமலை. அதன் வாயில் உருகிய கற்குழம்பு ஏரி போல் தளும்புவதைப் பல்லாண்டுகளாகக் கண்டு வருகின்றனர். ஜிபுத்திப் பக்கத்திலுள்ள அஸ்ஸால் ஏரி கடல்மட்டத்துக்கு 155 மீற்றர் தாழ்ந்தது. ஆபிரிக்கா முழுவதிலும் அதனினும் தாழ்ந்த நிலம் இல்லை. பூமியின் மேலோடு மூன்று திசைகளிற் பிளந்து விலகும் இடம் இது என்பர் நிலவியலார். 2005 செப்டெம்பரில் தபாஹு எரிமலைக்கருகே சில நாட்களுள் ஏறத்தாழ 60 கிலோமீற்றர் நீளத்துக்கு நிலம் பிளந்து விரிந்தது. விஞ்ஞானிகள் வியந்து ஓடிவந்தனர். அங்கே மேய்ச்சலில் இருந்தவர்கள் அதனைத் தாகுவாகச் சொல்லியிருப்பர் என்பதில் ஐயமில்லை.

இப்பள்ளத்தின் செல்வம் உப்பு. முற்காலத்திற் கடல் புகுந்து வற்றியதால் அடுக்கடுக்காகப் படிந்த உப்புத் தரையை மரக்கம்புகளால் நெம்பிப் பெயர்த்து, கைக்கோடரியாற் செதுக்கிப் பலகை போன்ற கட்டிகளாக்குவர். ஒட்டகங்களும் கோவேறு கழுதைகளும் சாரிசாரியாக அவற்றைச் சுமந்து, பெரஹிலே வழியாக மெக்கெலே நகரத்துச் சந்தைக்கு மலையேறும். எதியோப்பிய மேட்டுநிலத்தில் இவ்வுப்புக் கட்டிகள் பல நூற்றாண்டுகளாக நாணயமாகவே வழங்கின. 1520களில் அந்நாட்டில் ஆறாண்டு தங்கிய போர்த்துக்கேயப் பாதிரியார் அல்வாரெசு அதனை எழுதி வைத்துள்ளார். அவருக்கு ஓராயிரம் ஆண்டு முன்னர், கொஸ்மாஸ் என்னும் கிரேக்க வணிகரும் அந்நாட்டு மன்னர் அனுப்பிய வணிகர் உள்நாட்டிற் பொன்னுக்கு மாற்றாக உப்புக் கொடுத்தமையைக் குறித்தார். அதே நூலிற் றான் அவர் தப்ரபேன் என்ற பெயரில் நமது இலங்கைத் தீவையும் வருணிக்கின்றார். அஃபார் நிலத்துக்கு வடக்கே செங்கடலோரத்தில் இருந்த அதுலிஸ் துறைமுகத்தாரோடு இங்கு வந்து சென்ற சோபாத்தர் என்னும் வணிகரிடம் கேட்டதை அவர் அதிற் சேர்த்துள்ளார். தாம் கேட்டது இன்னாரிடம் என்று பெயர் சொல்லி எழுதினமையால், தாகு விதிப்படி கொஸ்மாஸ் குற்றமற்றவர்.

நம் பகுதியைப் படிக்கும் இல்லத்தரசிகள் அஃபார் இல்லத்தைப் பற்றி அறிய விரும்புவர். அங்கு வீடு கட்டுவது பெண்ணின் வேலை. கட்டிய வீடும் அவள் ஆட்சியிலுள்ளது. வளைத்த கம்புகளைக் கவிகை போல் நாட்டி, அவற்றின்மீது பனையோலையால் தானே முடைந்த பாய்களைப் போர்த்துவாள். குடும்பம் புல்லைத் தேடிப் பெயரும்போது, சில மணி நேரத்திற் பாய்களைச் சுருட்டிக் கம்புகளைக் கட்டி ஒட்டகத்தின் முதுகில் ஏற்றிவிடுவாள். தண்ணீர் சுமப்பது, ஆடு கறப்பது, பாலைக் கடைந்து நெய்யெடுப்பது என அவளுக்கு ஓய்வென்பதில்லை. பாலைநில வாழ்வை வீரமென்று வருணித்த பிரயாண நூலாசிரியர்கள் இவ்வேலைகளை அரைப் பக்கத்தில் முடித்துவிட்டனர் என்பது என் குறை. மணவுறவில் அவர்கள் பெரிதும் விரும்புவது அத்தை மகளை மணப்பதை. 'அப்சுமா' என்னும் இம்முறை உரிமையை நம்மவருக்கு விளக்கவேண்டியதில்லை. அவ்வுரிமையாற் பெண்ணின் மனம் கேளாமலே மணம் முடிவதும் உண்டென்பதை இன்று அஃபார்ப் பெண்களே எடுத்துப் பேசத் தொடங்கியுள்ளனர்.

இனி அவர்கள் பெயரைப் பற்றிச் சில சொற்கள். பழைய தேசப்படங்களில் 'அஃபார்' என்ற சொல்லைத் தேடினால் அகப்படாது. 'தனாகில்' என்றே இருக்கும். அது அரபு வணிகர் வழங்கிய பெயர். ஐரோப்பியரும் அதனையே எடுத்துக்கொண்டனர். அந்தப் பெயரோடு கொடியவர், அந்நியரைக் கண்டதும் கொல்பவர் என்ற புகழும் சேர்ந்து பரவிற்று. 1875இல் எகிப்தியப் படையோடு அவுசா நாட்டுக்குள் நுழைந்த சுவிசு நாட்டவர் முன்சிங்கர் அங்கே கொல்லப்பட்டது உண்மைதான். படையோடு வந்தவர் கொல்லப்பட்ட கதையிற் கொடியவர் யார் என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம். அம்மக்கள் தம்மைத் தாம் அழைத்துக்கொள்ளும் பெயர் உலகெங்கும் பரவியது வேறொரு வழியால். 1974 நவம்பரில் அஃபார் நிலத்து ஹதார் என்னுமிடத்தில், ஏறத்தாழ 32 இலட்சம் ஆண்டு பழைமையான ஓர் ஆதிப் பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. உலகம் அவளை 'லூசி' என்றழைத்தது. 1978இல் அவள் இனத்துக்கு இட்ட அறிவியற் பெயரில் 'அஃபார்' என்ற சொல் நிலைபெற்றது.

பெயரை அந்நியர் எழுதியது போலவே நிலத்தையும் அந்நியரே தாளில் எழுதிப் பங்கிட்டனர். அஃபார் நாட்டில் தஜூரா, ரஹைத்தா, அவுசா முதலான சுல்தானகங்கள் இருந்தன. 1862இல் ஒபொக் துறையைப் பிரான்சு 10,000 மரியா தெரேசா வெள்ளிக்கு வாங்கிற்று. 1869இல், சுவெசுக் கால்வாய் திறந்த அதே ஆண்டில், சப்பேத்தோ என்னும் இத்தாலியப் பாதிரியார் ஒரு கப்பற் கம்பனிக்காக அஸ்ஸப் கரையை வாங்கினார். 1882இல் இத்தாலிய அரசு அதனைத் தனதாக்கிக்கொண்டது. இத்தாலிக்கு ஆபிரிக்காவிற் கிடைத்த முதற் காலடி அதுவே. மேற்கே அவுசா எதியோப்பியப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டது. இவ்வாறு ஒரே மொழி பேசுவோர் மூன்று கொடிகளின் கீழாயினர். பிரான்சியர் தம் பங்கை 'பிரான்சியச் சோமாலிலாந்து' என்றனர். 1967இல் 'அஃபார்கள், இஸ்ஸாக்கள் பிரதேசம்' என்று மாற்றினர். 1977 ஜூன் 27ஆந் தேதி அது ஜிபுத்தி என்ற பெயரிற் சுதந்திரம் பெற்றது. எரித்திரியா 1993இல் தனிநாடாயிற்று. 1998 தொடக்கம் 2000 வரை அதற்கும் எதியோப்பியாவுக்கும் நடந்த போரில், அஸ்ஸப்புக்குச் செல்லும் பாதை அஃபார் நிலத்தின் நடுவே மூடப்பட்டது.

இத்தனை கோடுகளுக்கும் குறுக்கே சென்று வருவது மொழி ஒன்றே. அதன் பெயர் 'அஃபார் அஃப்'. அஃப் என்றால் வாய். வாய்க்கும் மொழிக்கும் அவர்களிடம் ஒரே சொல். அயலாராகிய சோமாலியரும் அவ்வாறே தம் மொழியை 'அஃப் சோமாலி' என்பர். இவ்விரு மொழிகளும் ஒறோமோ மொழியும் குஷித்தியக் குடும்பத்தின் கிழக்குக் கிளையைச் சேர்ந்தவை. அஃபாருக்கு மிக நெருங்கிய உடன்பிறப்பு எரித்திரியாவின் சாஹோ மொழி. ஒன்பதுக்கு அஃபாரிலும் சோமாலியிலும் 'ஸகால்' என்பர். பத்துக்கு அஃபாரில் 'தபன்', சோமாலியில் 'தொபன்'. வாக்கியத்தின் இறுதியில் வினைச்சொல்லை வைப்பது அஃபாரின் இயல்பு. ஆதலின் இம்மொழியைக் கற்கப் புகும் ஆங்கிலேயர் படும் பாடு தமிழருக்கு இராது. வினைச்சொற்களில் மட்டும் ஒரு விசித்திரம் உண்டு. சில வினைகள் தன்மை முன்னிலை படர்க்கை என்பவற்றைச் சொல்லின் முன்னே காட்டும். மற்றவை நம்முடைய வினைகள் போலச் சொல்லின் பின்னே காட்டும்.

பெயர்ச்சொற்களின் பால் இன்னும் சுவையானது. மகனுக்கும் சொல் 'படா'; மகளுக்கும் சொல் 'படா'. முன்னசையில் அழுத்தம் விழுந்தால் அவன். பின்னசையில் விழுந்தால் அவள். சொல்லின் ஈற்றுயிர் அழுத்தம் பெற்றாற் பெண்பால், இல்லையேல் ஆண்பால் என்பதே பொதுவிதி. இவ்விதிக்கு அடங்காதவை மிகச் சிலவே. 'அப்பா' என்னும் சொல் ஈற்றில் அழுத்தம் பெற்றும் ஆண்பாலே. பொருள் யாதென்று கேட்கவேண்டாம், தந்தை என்பதுதான். பாய்க்கப்பலைக் குறிக்கும் 'தோனிக்' மெய்யில் முடிந்தும் பெண்பால். அப்பாவையும் தோணியையும் கண்டவுடன் நம்மிற் சிலர் உறவு கொண்டாடக் கிளம்பிவிடுவர். குழந்தை முதலிற் சொல்லும் ஒலிகளாலான சொல் உலகின் பல மொழிகளில் உண்டு. கடலோடிகளின் சொற்களும் காற்றோடு கரைதோறும் இறங்குபவை. ஓசையை மட்டும் வைத்து உறவுமுறை கட்டும் வேலையை இப்பத்தியில் நான் செய்வதாக இல்லை.

மொழியின் வளத்தை இவ்வளவு கூறியபின், அம்மொழியை அறியாதோரின் ஆட்சியில் நேர்ந்த ஒரு துயரத்தையும் கூறவேண்டும். அதனை அறிய அவாஷ் ஆற்றை அறிதல் வேண்டும். அடிஸ் அபாபாவுக்கு மேற்கேயுள்ள மேட்டுநிலத்திற் பிறக்கும் அவாஷ் ஆறு வடகிழக்காக ஓடி அஃபார் நிலத்துள் இறங்குகிறது. ஆனாற் கடலைச் சேர்வதில்லை. ஜிபுத்தி எல்லையிலுள்ள அப்பே ஏரியில் விழுந்து வெயிலில் ஆவியாகிவிடுகிறது. அவ்வாறு எங்கே முடிகிறதென்று காணும் பொருட்டே 1933-34இல் தெசிகர் என்னும் ஆங்கிலேய இளைஞர் உயிரைப் பணயம் வைத்து அதன் கரையோடு நடந்தார். அஃபார் மக்கள் அதனை அவரிடம் கேட்டறியவேண்டிய நிலையில் இருக்கவில்லை. மாரியில் வெளிகளிற் பரந்து மேய்வதும், கோடையில் ஆற்றங்கரைப் புல்லுக்குத் திரும்புவதும் அவர்களது ஆண்டுச் சுற்று. கரையோரப் புல் அவர்களுக்கு வங்கியிலிட்ட பணம் போன்றது. வரட்சி வந்தால் எடுப்பதற்கென்று இருப்பது.

1960களில் அந்தப் புல்வெளிகளைப் பருத்தித் தோட்டங்கள் விழுங்கத் தொடங்கின. 1962இல் அவாஷ் பள்ளத்தாக்கு அதிகாரசபை அமைக்கப்பட்டது. தெந்தாஹோவில் ஒரு பிரித்தானியக் கம்பனி பெருந்தோட்டம் தொடங்கிற்று. அவுசாச் சுல்தான் அலி மிராவும் தம் மக்களுட் சிலரும் தாங்களே பருத்தி பயிரிட்டு வருவாய் கண்டனர் என்பதையும் மறைக்கலாகாது. எனினும் ஆட்டையும் ஒட்டகத்தையும் நம்பியிருந்த பெருந்தொகையினருக்குக் கோடைப் புல் குறைந்தது. தலைநகரில் வரைபடத்தை விரித்தவர்களுக்கு மாரியில் ஆளற்றுக் கிடந்த ஆற்றங்கரை வெறுநிலமாகத் தோன்றியிருக்கவேண்டும்.

1972 தொடக்கம் 1974 வரை மழை பொய்த்தது. ஆற்றங்கரைக்குத் திரும்பியவர்கள் புல்லுக்குப் பதிலாகப் பருத்தியையும் வேலியையும் கண்டனர். வொல்லோ மாகாணத்தைச் சூறையாடிய அப்பஞ்சத்தில் முதலில் அடிபட்டவர்களும் மிக மோசமாக அடிபட்டவர்களும் அஃபார் மேய்ச்சல் மக்களே. பேரரசர் ஹைலே செலாசியின் அரசாங்கம் பஞ்சத்தை மூடிமறைத்தது. 1973 ஒக்டோபரில் திம்பிள்பி என்னும் ஆங்கிலேயப் பத்திரிகையாளரின் படம் பிரித்தானியத் தொலைக்காட்சியில் வந்தபின்னரே உலகம் விழித்தது. ஓராண்டுக்குள் பேரரசர் அரியணை இழந்தார்.

இவ்விடத்தில் எனக்கு ஓர் எண்ணம் எழுகிறது. எந்தப் பள்ளத்திற் புல் இல்லை, எந்தக் கிணற்றில் நீர் இல்லை, எவருடைய மாடு எத்தனை செத்தது என்பதே தாகுவின் அன்றாடப் பொருள். ஒருவர் மற்றவருக்குத் திரிக்காமற் சொல்லிச் சொல்லி அவ்வெளியெங்கும் பரப்பிய செய்தி அதுவாகவே இருந்திருக்கவேண்டும். ஆகவே செய்தி இல்லாமையால் அவர்கள் மடியவில்லை. அச்செய்தி சென்றடையவேண்டிய அலுவலகத்தில் அம்மொழியை அறிந்து கேட்பார் இல்லை. கேட்டாலும், ஆட்டுக்காரன் வாயில் வந்ததைச் செய்தியாக மதிப்பார் இல்லை. அதே செய்தியை ஒரு வெளிநாட்டார் படம்பிடித்து ஆங்கிலத்திற் சொல்லியபோது அரியணை ஆடிற்று. ஒரு மொழி எழுத்திலும் அலுவலகத்திலும் பாடசாலையிலும் இடம்பெறவேண்டும் என்று அதனைப் பேசுவோர் கேட்பதை வெறும் பெருமைப் பிரச்சினையென்று எள்ளுவோர் இக்கதையைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும்.

பேரரசருக்குப் பின் வந்த தெர்க் என்னும் இராணுவக் குழு 1975இல் நிலமனைத்தையும் அரசுடைமையாக்கிற்று. சுல்தான் அலி மிரா படையினரோடு முரண்பட்டு வெளியேறி, சவூதி அரேபியாவில் வாழ்ந்து, 1991இல் அவ்வாட்சி வீழ்ந்தபின் மீண்டார், 2011இற் காலமானார். தெர்க் போனபின்னும் அதன் மரம் போகவில்லை. மண்ணைக் காக்கவென்று அக்காலத்தில் அவாஷ் கரையில் நட்ட சீமைக் கருவேலம் மேய்ச்சல் நிலங்களையெல்லாம் முள்ளுக்காடாக்கிவிட்டது. அஃபார் மக்கள் அதற்கு 'தெர்க்கின் மரம்' என்றே பெயரிட்டுள்ளனர். அம்பாந்தோட்டையிலும் புந்தலையிலும் அதே மரம் செய்துவரும் வேலையைக் கண்டோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எழுத்துக்கு வருவோம். முன்னாளிற் சமயக் கல்வி பெற்ற அஃபார் ஷெய்குமார் தம் மொழியை அரபு எழுத்திலே எழுதினர். தெர்க் ஆட்சியில் 1979இல் தொடங்கிய எழுத்தறிவு இயக்கம் அதனை எதியோப்பிய எழுத்தில் எழுதுவித்தது. இவ்விரண்டையும் விட நிலைத்தது, 1970களில் திமிஸ், ரெடோ என்னும் இரு அஃபார் அறிஞர் வகுத்த உரோம எழுத்து முறை. அதற்குப் பெயர் 'அஃபார் ஃபேரா'. ஃபேரா என்றால் விரல்! சோமாலியிலும் விரலைக் குறிக்கும் 'ஃபர்' என்னும் சொல்லே எழுத்தையும் குறிக்கிறது. மொழி வாயாகவும் எழுத்து விரலாகவும் இருப்பதில் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

அம்முறையில் ஒரு துணிவும் உண்டு. உரோம எழுத்துகளுட் சிலவற்றைப் பழைய ஓசையினின்று கழற்றித் தம் ஓசைக்கு மாட்டிக்கொண்டனர். 'எக்ஸ்' என்னும் எழுத்துக்கு அங்கு நம் 'ட' போன்ற ஓசை. மகனும் மகளுமாகிய 'படா'வை எழுதினால் நடுவில் அந்த எழுத்து நிற்கும். வெளிநாட்டார் அதனைப் 'பக்ஸா' என்று படித்து விழிப்பர். 'சீ' என்னும் எழுத்து தொண்டையில் உரசும் ஹகரம். ஆகவே பாலைக் குறிக்கும் 'ஹன்' என்ற சொல் ஆங்கிலேயர் கண்ணுக்குத் தகரப் பேணியாகத் தெரியும். 'கியூ' என்பது அரபு மொழியின் 'அயின்' போலத் தொண்டையின் அடியிலிருந்து எழும் ஓசை. அஃபார் என்ற பெயரே உண்மையில் அவ்வோசையிலேதான் தொடங்குகிறது. அதனால் அவர்கள் தம் பெயரைக் 'கியூ' வைத்தே எழுதுகின்றனர். நம்முடைய 'அ' அதன் நிழல் மட்டுமே. 1985இல் இலண்டனில் வெளிவந்த பார்க்கர், ஹேவர்ட் ஆகியோரின் அகராதி இவ்வோசைகளை வெளியுலகத்தார் அறிய வழிசெய்தது.

மூன்று நாடுகளிலும் இன்று இவ்வெழுத்தே வழங்குகிறது. ஆயினும் மூன்றிலும் அதன் நிலை ஒன்றன்று. ஜிபுத்தியில் ஆட்சிமொழிகள் பிரெஞ்சும் அரபும். அஃபார் வானொலியில் ஒலிக்கும், பாடசாலையிலோ பிரெஞ்சே முதன்மை பெறும். எரித்திரியாவில் ஒன்பது தேசிய இனங்களின் மொழிகளுள் ஒன்றாக அதனை ஏற்று, தொடக்க வகுப்புகளில் அதன்மூலம் கற்பிக்கும் கொள்கை உள்ளது. மிகப் பெருந்தொகையினர் வாழ்வது எதியோப்பியாவில். 2007ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ஏறத்தாழ 13 இலட்சம் பேர். செமேராவைத் தலைநகராகக் கொண்ட தனி மாநிலம் அவர்களுக்கு உண்டெனினும் அலுவலகத்திலும் வகுப்பிலும் அம்ஹாரிக்கு மொழியே நெடுநாள் முன்னின்றது. 2020இல் எதியோப்பிய மத்திய அரசாங்கம், அஃபார், ஒறோமோ, சோமாலி, திகிரிஞா ஆகிய நான்கையும் தன் பணிமொழிகளாகச் சேர்க்கப்போவதாக அறிவித்தது. அறிவிப்பை எழுதுவது எளிது. அம்மொழியில் எழுதத் தெரிந்த எழுதுவினைஞரையும் ஆசிரியரையும் ஆக்குவது ஓராண்டு ஈராண்டு வேலையன்று. போதாததற்கு, 2020 தொடக்கம் 2022 வரை வட எதியோப்பியாவில் நடந்த போர் அஃபார் நிலத்துக்குள்ளும் புகுந்து பல்லாயிரவரைக் குடிபெயர்த்தது. உப்பு வணிகம் நின்றது, பாடசாலைகளும் நின்றன.

தாகு மட்டும் நிற்கவில்லை. செமேராவுக்கும் அசைத்தாவுக்கும் பெருஞ்சாலையோரச் சிற்றூர்களுக்கும் கைத்தொலைபேசி வந்துவிட்டது. முன்னர் ஒட்டகத்தின் நடைக்கேற்ப நகர்ந்த செய்தி இப்போது நொடியில் எல்லை கடக்கிறது. ஆனால் முகம் பாராமற் சொல்லுவோன் கண்டதைச் சொல்கிறானா கேட்டதைச் சொல்கிறானா என்று எவ்வாறு அறிவது என்பது முதியோரின் கவலை. தொலைபேசிக் கோபுரம் எட்டாத கற்பரப்புகளில் அக்கவலை இல்லை. அங்கே எதிர்ப்படுவோன் இன்றும் ஒட்டகத்தை நிறுத்தி, கைப்பற்றி, முதலில் மனிதர் நலத்தையும் பின்னர் ஆடுகளின் நலத்தையும் வினவி, நிழல் தேடி அமர்ந்துகொள்கிறான்.